மேல் லைட்டைப் போட்டவ

சோல்வை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா முதல் காரியம், மூக்கைச் சிந்துறது. முதல் சிந்துல கறுப்பா வரும். ரெண்டாவதுல சாம்பல். மூணாவதுலதான் மனுஷ மூக்கு மாதிரி ஏதாவது வரும். வடக்கே ஒரு குளிர்நாட்டுல, ஸ்வென்போர்ங்கிற ஊர்ல, முப்பத்திநாலு வருஷமா புகைக்கூண்டு சுத்தம் பண்றவ. மத்தவங்க அடுத்த வீட்டை வாசல் வழியா பார்ப்பாங்க, இவ கூரை வழியா பார்த்தவ. யார் பால் டப்பாவை எரிக்கிறாங்க, யார் பெயின்ட் அடிச்ச பழைய கதவை உடைச்சுப் போடுறாங்க, எந்த டாக்டரம்மா குழந்தையோட டயப்பரை அடுப்புக்குள்ள தள்ளிட்டு வாசல்ல 'பூமியைக் காப்போம்'னு போர்டு மாட்டியிருக்கா, எல்லாம் அந்தக் குழாய்க்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும். சுரண்டினா வரும்.

"அகத்தோட அழகு முகத்துல தெரியுமாம். எவன் சொன்னான்? கரியில தெரியும்"னு சொல்லுவா.

வேலைக்குப் போறப்ப கறுப்புக் கோட்டு, அதுல ரெண்டு வரிசை பித்தளைப் பட்டன். புகைக்கூண்டுக்காரியோட பட்டனைத் தொட்டா அதிர்ஷ்டம்னு அங்க ஒரு நம்பிக்கை. ரொட்டிக் கடை வரிசையில நின்னா போதும், கிழவிங்க ஓடி வந்து தொட்டுட்டுப் போவாங்க. தொட்ட மறுநிமிஷம் பையிலேர்ந்து டிஷ்யூவை எடுத்து விரலைத் துடைச்சுக்குவாங்க. அதிர்ஷ்டம் வேணும், கரி வேணாம்.

பட்டனைத் தொட்டுட்டுக் கையைத் துடைக்காதவன் ஒருத்தன்தான். பிரேபன். ஏரோ தீவுக்குப் போற படகுல டிக்கெட் கிழிக்கிறவன். அவங்க அம்மா வீட்டுப் புகைக்கூண்டைச் சுத்தம் பண்ணப் போனப்ப பட்டனைப் புடிச்சவன், புடிச்சபடியே நின்னான்.

"விடுப்பா, பிஞ்சுடும்."

"பிஞ்சா தச்சுக் குடுக்கிறேன்."

பிஞ்சுது. தச்சும் குடுத்தான், படகு யூனிஃபார்மோட நீலநூல்ல. கறுப்புக் கோட்டுல மேலேர்ந்து மூணாவது பட்டன் மட்டும் இன்னிக்கும் நீலநூல்தான். அந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான், ராஜாவை மட்டும்தான் 'நீங்க'ம்பாங்க. அதனால புருஷன் பொண்டாட்டிக்குள்ள மரியாதை கிரியாதை எல்லாம் கெடையாது. அவன் அவளை 'எலிக்குட்டி'ன்னு கூப்பிடுவான். ஆறடி உயரம், தோள்ல இரும்புக் குண்டு கட்டின கயிறு, கையில பிரஷ், மூஞ்சி முழுக்கக் கரி. எலிக்குட்டியாம்.

இப்ப பிரேபனுக்கு அறுபத்தெட்டு. நுரையீரல் போச்சு. நாப்பது வயசு வரைக்கும் சிகரெட், அதோட முப்பது வருஷம் படகு எஞ்சின் புகை. படி ஏறினா மூணாம் படியில நின்னு, சுவத்துல மாட்டியிருக்கிற படத்தை ரசிக்கிற மாதிரி நடிப்பான். பதினேழு வருஷமா அங்க மாட்டியிருக்கிறது ஒரே படம்தான். ஒரு வாத்து.

அந்த ஊர்க்காரங்க 'ஆமா' சொல்றதே ஒரு தினுசு. மூச்சை வெளிய விட்டுச் சொல்ல மாட்டாங்க, உள்ள இழுத்துச் சொல்லுவாங்க. சுடுசோத்தை வாயில போட்டுட்டு 'ஸ்ஸ்'ஸுங்கிற மாதிரி, ஒரு 'ஹ்யா'. மழை வரும்போலன்னா, ஹ்யா. உருளைக்கிழங்கு வெந்துடுச்சான்னா, ஹ்யா. பிரேபன் இருக்கானே, படகு மேல்தட்டுல நின்னு ஹ்யான்னு இழுத்தா கீழ எஞ்சின் ரூம்ல கேக்கும். ரெண்டு வருஷமா அது போச்சு. இழுத்தா பாதியில இருமல் வந்து முட்டிக்கும். அதனால இப்பெல்லாம் ஆமான்னா தலையை மட்டும் ஆட்டுவான், கோயில் மாடு மாதிரி.

அடுத்த வீடு லிஸ்பெத்தோடது. மிராபெல் தெருவுல இவங்க ஒம்பதாம் நம்பர், அவங்க பதினொண்ணு. லிஸ்பெத் முப்பது வருஷம் பல் டாக்டர்கிட்ட வரவேற்புல உட்கார்ந்தவ. குரல் அப்படியே ஒட்டிக்கிச்சு. "வா வா, ஒண்ணுமே இல்ல, உட்காரு, வலிக்கவே வலிக்காது." உப்பு கேட்டாலும் அந்தக் குரல்தான், எழவு வீட்லயும் அந்தக் குரல்தான். புருஷன் ஃபிளெமிங், மரவேலை வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். அவனுக்கு ஒரே வார்த்தைதான் தெரியும். ஹ்யா.

வியாழக்கிழமைன்னா லிஸ்பெத் வீட்ல தெரு கூடும். மெழுகுவத்தி, கம்பளிப் போர்வை, இரும்பு விறகடுப்பு, கேக்கு. மேல் லைட்டைப் போடக்கூடாது. வம்பான பேச்சு பேசக்கூடாது. யாருக்கு என்ன நோவுன்னு, யார் மேல யாருக்குக் கோவம்னு, எதையும் எடுக்கக்கூடாது. இதுக்குப் பேருதான் ஹூகெ. இந்த ஒரு வார்த்தையை வச்சு அந்த நாட்டுல சாக்ஸு விக்கிறான், டீத்தூள் விக்கிறான். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிற ரூம்ல கூட பேட்டரி மெழுகுவத்தி வச்சிருக்கான்.

சோல்வை வீட்ல மெழுகுவத்தி கெடையாது. "நாள் முழுக்கக் கரியைத் தின்னுட்டு வந்து, சாயங்காலம் காசு குடுத்து வேற கரி வாங்கி மேஜையில கொளுத்துவாங்களா? நான் என்ன பைத்தியமா?"

மெழுகுவத்தியைக் கூட மன்னிச்சுடலாம். அடுப்பை மன்னிக்க முடியாது. ஊருக்கே பொதுவா சுடுதண்ணிக் குழாய் ஓடுது, எல்லா வீட்லயும் ரேடியேட்டர் கதகதன்னு இருக்கு. அடுப்பு சூட்டுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு. முழுசா எரியவிட்டா உட்கார்ந்திருக்கிறவன் வெந்துடுவான். அதனால என்ன பண்ணுவாங்கன்னா, காத்து போற வழியை முக்கால்வாசி அடைச்சுடுவாங்க. தீ அடங்கி, சோம்பேறியா, செக்கச்செவேல்னு கண்ணைச் சிமிட்டும். "ஊஊ, எவ்ளோ ஹூகெ!" உள்ள அழகு. எரியாத புகை அத்தனையும் மேல போய், குளுந்து, குழாய்ல தாரா உறைஞ்சிடும். உறைஞ்சது போக மிச்சம் கூரைக்கு மேல வந்து, மேல்காத்துல நேரா ஒம்பதாம் நம்பர் படுக்கை ரூம் ஜன்னலுக்கு வரும். அங்கதான் பிரேபன் தூங்குவான்.

அதோட ஃபிளெமிங்கோட விறகு. கோபுரம் மாதிரி வட்டமா அடுக்கி வைப்பான், தெருவே நின்னு பார்க்கும், ஃபோட்டோ எடுக்கும். அடுக்குறதுல இருக்கிற அக்கறை காய வைக்கிறதுல இல்ல. சோல்வை ஒருநாள் ஈரம் பார்க்கிற மெஷினைக் குத்திப் பார்த்தா. பதினெட்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முப்பத்தொண்ணு காட்டுச்சு. அதுக்கு விறகை எரிக்கிறதுக்குப் பதிலா புழிஞ்சு குடிச்சுடலாம்.

நவம்பர்ல நுரையீரல் டாக்டர் சொல்லிட்டா. "மருந்தெல்லாம் இதுக்கு மேல இல்ல, பிரேபன். புகை படாம இருந்தா ஓடும். இன்னொரு குளிர்காலம் இப்படியே போச்சுன்னா, ஆக்சிஜன் சிலிண்டரும் மூக்குல குழாயும்தான் கதி."

காருக்குள்ள உட்கார்ந்ததும் சோல்வை வாயைத் திறந்தா. அவன் முந்திக்கிட்டான். "லிஸ்பெத்கிட்ட ஒரு வார்த்தை சொன்னே, அவ்வளவுதான்."

"சொல்லாம? உன் மூச்சுக்குழாயை அவ புகைக்கூண்டா ஆக்கிட்டா, நான் கேக்கைத் தின்னுட்டு உட்காரணுமா?"

"எலிக்குட்டி." மூச்சு வாங்க நிறுத்தினான். "வாரத்துல ஆறு நாள் நான் நோயாளி. வியாழக்கிழமை அந்த சோஃபால நான் வெறும் பிரேபன். யாரும் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டாங்க. அது எனக்கு வேணும்."

"அந்த சோஃபாதான்டா உன்னைக் கொல்லுது."

"தெரியும். இருந்தாலும் நல்ல சோஃபா."

அவன் பேச்சை மீறி அவ ஒரு தடவை முயற்சி பண்ணத்தான் செஞ்சா. வியாழக்கிழமை, கேக்கு வெட்டுறப்ப, "லிஸ்பெத், உன் அடுப்பு விஷயமா..."ன்னு ஆரம்பிச்சா. "ஐயோ சோல்வை, இப்ப வேண்டாமே! இப்பதானே ஹூகெயா இருக்கு!" சரின்னு மறுநாள் ஃபோன் போட்டா. "வீட்டுக்கு வாயேன், காபி குடிச்சுக்கிட்டே பேசலாம்." போனா, மேஜையில நாலு மெழுகுவத்தி. கொளுத்தியாச்சு. கொளுத்தின பிறகு வாயைத் திறக்க முடியுமா? தூண்டில்ல புழு வச்ச மாதிரி வச்சிருக்கா மெழுகுவத்தியை. சோல்வை காபியைக் குடிச்சுட்டு, வாயை மூடிக்கிட்டு வந்தா. வந்து வாசல்ல துப்பினா.

சோல்வைக்குத் தன் மேலயே அருவருப்பு உண்டு. ஏன்னா அந்தப் புகைக்கூண்டை வருஷா வருஷம் சுத்தம் பண்றதே அவதான். ஆறு வருஷமா ஃபாரத்துல 'குறை ஒண்ணும் இல்லை' கட்டத்துல டிக் அடிச்சவளும் அவதான். அக்கம்பக்கம், தெரிஞ்ச மனுஷங்க, சுத்தம் பண்ணி முடிச்சா தட்டு நிறைய வெண்ணெய் பிஸ்கட்டு. பிஸ்கட்டுக்கு வித்துட்டேன்னு அவளே சொல்லிக்குவா.

அந்த வருஷத்து முறை டிசம்பர்ல ஒரு வியாழக்கிழமை காலையில வந்துது. கூரை மேல ஏறி, குண்டு கட்டின கயிறை எறக்கினா. பிரஷ்ஷு பாதியில நின்னுடுச்சு. இழுத்தா கரி வரல, கரகரன்னு சத்தம்தான் வருது. டார்ச் அடிச்சுப் பார்த்தா, உள்ள சுவர் பூரா கண்ணாடி மாதிரி மினுங்குது. தார் உறைஞ்சு, விரல் தடிமனுக்கு. அது பிரஷ்ஷுக்கு அசையாது, சங்கிலி போட்டு அடிச்சு உடைக்கணும். ஒரு பொறி பட்டா குழாய் முழுக்க எரிஞ்சு கூரையைப் புடிச்சுக்கும். அடுப்புக்கு சிவப்புச் சீட்டு ஒட்டணும், சரி பண்ற வரைக்கும் தீ வைக்கக்கூடாதுங்கிறது சட்டம். குழாய் வாய்ல தளர்ந்திருந்த ஒரு கட்டியை மட்டும் கையால பேர்த்து வாளியில போட்டா. கருவாட்டுல பினாயில் ஊத்தின மாதிரி ஒரு நாத்தம்.

கீழ எறங்கினா லிஸ்பெத் தட்டோட நிக்கிறா. "முடிஞ்சுதா கண்ணு? இன்னிக்கு மத்தியானம் வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க தெரியுமா! ஹூகெ எப்படின்னு பார்க்கணுமாம். தலைக்கு நானூத்தைம்பது குரோனர் குடுத்து வர்றாங்க. நீயும் பிரேபனும் கண்டிப்பா வரணும். அசல் தெருக்காரங்க இருந்தாதான் அவங்களுக்கு ஒரு இது."

"லிஸ்பெத், உன் புகைக்கூண்டு..."

"ஃபாரம்தானே? மெதுவா எழுதிக்கோ, அவசரமே இல்ல. பிஸ்கட்டு எடு."

எடுத்துட்டா. அதான் கொடுமை. கை தானா போச்சு. ஃபாரத்தை எழுதாம மடிச்சு உள்பாக்கெட்டுல வச்சுக்கிட்டு, வாளியைக் கார்ல தூக்கி வச்சுட்டு, அடுத்த வீட்டு வேலைக்குப் போயிட்டா. நாள் முழுக்க அந்த வெண்ணெய் ருசி நாக்குலேர்ந்து போகவே இல்ல.

மத்தியானம் மூணரைக்கே அங்க இருட்டிடும். சோல்வை கோட்டைக் கூட கழட்டாம வீட்டுக்கு வந்து பார்த்தா, பிரேபன் தலை சீவி, மேல் பட்டன் போட்டு, ரெடியா நிக்கிறான். ஃபாரத்தைப் பத்தி அவன் கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல. அவன் அவ கையைப் புடிச்சுக்கிட்டான். நாப்பதடி தூரம், நடுவுல ரெண்டு தடவை நின்னு ஃபிளெமிங்கோட விறகுக் கோபுரத்தை 'ரசிச்சாங்க'.

உள்ள பதினெட்டு மெழுகுவத்தி. சோல்வை எண்ணினா. கனடாவுலேர்ந்து ஒரு இளஞ்ஜோடி, ஒரே மாதிரி ஸ்வெட்டர். சோஃபா ஓரத்துல சுமத்ராவுலேர்ந்து வந்த ஒரு அம்மா, யுஸ்னிதார்னு பேரு, பள்ளிக்கூட டீச்சர், அவங்க பொண்ணு பக்கத்து ஊர் ஓடென்ஸ்ல படிக்குதாம். தலையில பூப்போட்ட முக்காடு, முதுகு நேரா, கை மடியில. அடுப்புல தீ சோம்பேறியா கண்ணைச் சிமிட்டிக்கிட்டு இருந்துச்சு. காத்துவழி முக்கால்வாசி மூடல். பிரேபன் அவன் எடத்துல உட்கார்ந்தான், போர்வையை மார் வரைக்கும் இழுத்துக்கிட்டான். போர்வைக்கு அடியில கையில மூச்சுமருந்து. சோல்வைக்குத் தெரியும்.

லிஸ்பெத் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா. அதே பல் டாக்டர் குரல். "ஹூகெங்கிறது ஒரு பொருள் இல்ல. ஒரு உணர்வு. வாய் சொல்லாது, மனசு சொல்லும். இல்லியா ஃபிளெமிங்?"

"ஹ்யா."

கனடாப் பையன் செல்ஃபோன்ல அதை ரெக்கார்டு பண்ணினான். "ஓ மை காட், அவர் மூச்சை உள்ள இழுத்து ஆமாங்கிறார்! இன்னொரு தடவை சொல்லுங்களேன்!"

"ஹ்யா," ஃபிளெமிங்.

"நீங்க?"ன்னு ஃபோனை பிரேபன் பக்கம் திருப்பினான். பிரேபன் சிரிச்சான். தலையை ஆட்டினான். கோயில் மாடு.

சோல்வை கேக்கைப் பார்த்தா. மேல க்ரீம் தடவினது. க்ரீம் மேல நுண்ணுநுண்ணா கறுப்புப் புள்ளி. எள்ளு இல்ல, கரி.

"இப்ப ஒவ்வொருத்தரும் உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு சொல்லுங்க பார்ப்போம்!" கையைத் தட்டினா லிஸ்பெத்.

கனடாப் பொண்ணு, மலை மேல அவங்களுக்கு ஒரு மரவீடு இருக்குன்னும், பனி கொட்டினா அடுப்பு மூட்டி சூப்பு குடிப்பாங்கன்னும், பேரு ஒண்ணும் வைக்கலைன்னும் சொன்னா. பேரு வைக்காததுக்காக வருத்தப்பட்ட மாதிரி இருந்துச்சு.

"நீங்க சொல்லுங்கம்மா, சுமத்ரா!"

யுஸ்னிதார் கொஞ்சம் யோசிச்சாங்க. மரியாதையான குரல், எழுத்து எழுத்தா உச்சரிக்கிற டீச்சர் குரல். "எங்க ஊர்ல விருந்தாளி வந்தா ஜன்னலைத் திறப்போம். எல்லா ஜன்னலையும். காத்தோட்டமா இருக்கட்டும்னு. ஆனா இந்த வாசனை எனக்கு நல்லாத் தெரியும். காடு எரியுற மாசத்துல ஊருக்குள்ள வரும். இந்த அளவு வந்தா பள்ளிக்கூடத்தை மூடிடுவோம். குழந்தைங்களை மூக்குத்துணி கட்டி வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

அடுப்புல ஈர விறகு உஸ்ஸுன்னுச்சு.

லிஸ்பெத் முகத்துல மறுபடி சிரிப்பு வந்துடுச்சு. "ஆ! பள்ளிக்கூடம் லீவு! எல்லாரும் குடும்பமா வீட்டுக்குள்ள! பார்த்தீங்களா, அதேதான் ஹூகெ! உலகம் பூரா ஒண்ணுதான்!"

யுஸ்னிதார் அவளைப் பார்த்தாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல பரீட்சைப் பேப்பர்ல எத்தனை கிறுக்குப் பதில் பார்த்திருப்பாங்களோ, அந்தப் பார்வை. அப்புறம் முக்காட்டு நுனியை எடுத்து மூக்குக்கு மேல வச்சுக்கிட்டாங்க.

அந்த நேரத்துலதான் போர்வை அசைஞ்சுது. பிரேபன் இருமலை அடக்குறான். சத்தம் வராம அடக்குறான். தோள் மட்டும் குலுங்குது. மருந்தை வாய்கிட்ட கொண்டுபோனா நாலு பேர் பார்ப்பாங்கன்னு கையை வெளிய எடுக்கல. மெழுகுவத்தி வெளிச்சத்துல எல்லார் முகமும் பொன்னிறம்தான், அவன் முகமும் பொன்னிறம்தான், எவனுக்குத் தெரியும்? பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடும்னு நினைக்குமாம். இங்க ஒரு நாடே கண்ணை மூடிக்கிட்டு, அதுக்கு ஒரு பேரும் வச்சு, கேக்கும் வெட்டுது.

"இன்னொரு துண்டு, பிரேபன்?" லிஸ்பெத். "சாப்பிடு, ஒண்ணுமே இல்ல."

சோல்வை எந்திரிச்சா. வெளிய போனா. நல்ல குளிர்காத்து, ஒரு இழுப்பு இழுத்தா. கார்லேர்ந்து வாளியை எடுத்துக்கிட்டு வந்தா. உள்ள வந்ததும் கதவோரமா கையை நீட்டி, அந்த வீட்ல பத்து வருஷமா யாரும் தொடாத சுவிட்சைத் தட்டினா.

மேல் லைட்டு.

"ஐயோ!"ன்னா லிஸ்பெத், யாரோ துணியை உருவின மாதிரி. கனடாக்காரி கண்ணை மூடிக்கிட்டா. ஃபிளெமிங் பாதிக் கேக்கு வாயில இருக்க, மெல்லுறதை நிறுத்திட்டான்.

அத்தனையும் தெரிஞ்சுது. ரூம் நடுவுல மேகம் மாதிரி புகை தொங்குது. வெள்ளைக் கூரையில அடுப்புக்கு மேல யானைத் தலை அளவுக்குக் கறுப்பு. சுவத்துல, படத்துக்குப் பின்னால, எல்லாத்துலயும் சாம்பல் கோடு. போர்வையில பழைய மெழுகு, கேக்குத் தூள், நாய் மயிர். ஓரத்துல பிரேபன். உதடு நாவப்பழம் தின்னவன் மாதிரி. கண்ணுல தண்ணி.

"சோல்வை," பல்லைக் கடிச்சுக்கிட்டு லிஸ்பெத், "எல்லாத்தையும் கெடுத்துட்டியே. விருந்தாளிங்க இருக்காங்க. நாளைக்குப் பேசக்கூடாதா?"

"நாளைக்கும் நீ மெழுகுவத்தி வச்சிருப்பே." வாளியிலேர்ந்து அந்தக் கட்டியை எடுத்தா. நீலப்பூ போட்ட தட்டுல, கேக்குக்குப் பக்கத்துல வச்சா. மினுமினுன்னு இருந்துச்சு, லட்சணமா. நாத்தம் மேஜை பூரா பரவுச்சு. "இது உன் வீட்டுப் புகைக்கூண்டுலேர்ந்து வந்தது. இதுல பாதி இங்க. மீதி எங்கன்னு கேளு." கையை நீட்டி பிரேபன் நெஞ்சைக் காட்டினா. "அங்க."

"எலிக்குட்டி, வேண்டாம்..." பிரேபன் சொல்ல வந்தான், முடியல. இருமல் உடைச்சுக்கிட்டு வந்துடுச்சு. ரெண்டு வருஷமா அந்த சோஃபால அவன் இருமினதே இல்ல. இப்ப மொத்தமும் வந்துது. குனிஞ்சு, முட்டியைப் புடிச்சுக்கிட்டு, வெக்கமில்லாம, உள்ளயிருக்கிறது பேர்த்துக்கிட்டு வர்ற மாதிரி. யாரும் எந்திரிக்கல. யுஸ்னிதார் மட்டும் எந்திரிச்சாங்க. யார்கிட்டயும் கேக்கல. போய் ஜன்னலைத் திறந்தாங்க. ஒண்ணு. அப்புறம் ரெண்டாவது. மெழுகுவத்தி வரிசையா அணைஞ்சுது.

சோல்வை பாக்கெட்டுலேர்ந்து ஃபாரத்தை எடுத்தா. மேல் லைட்டு வெளிச்சத்துல, க்ரீம் படாத எடமாப் பார்த்து வச்சு, எழுதினா. ஆறு வருஷம் டிக் அடிச்ச கட்டத்தை விட்டுட்டு, கீழ இருக்கிற கட்டம். கையெழுத்து. தேதி. சிவப்புச் சீட்டை அடுப்புக் கதவுல ஒட்டினா.

"இது சட்டப்படிதானா?"ன்னு லிஸ்பெத் புருஷனைப் பார்த்துக் கேட்டா.

ஃபிளெமிங் கட்டியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். "ஹ்யா"ன்னான்.

வீட்டுக்கு வந்ததும் பிரேபன் வாசல்ல நின்னு சொன்னான். "மேல் லைட்டைப் போட்டுட்டியே."

"போட்டேன்."

"எல்லாரும் என்னைப் பார்த்துட்டாங்க."

"பார்க்கட்டும்."

அதுக்கப்புறம் அவன் வாயைத் திறக்கல. ரொட்டி வேணுமா, தலையாட்டல். மருந்து போட்டியா, தலையாட்டல். ராத்திரி முதுகைக் காட்டிப் படுத்துக்குவான். லிஸ்பெத் வீட்லேர்ந்து அழைப்பு வரல. அடுத்த வியாழக்கிழமை ஜன்னல் வழியா தெரிஞ்சுது, பெரிய டி.வி.யில தீ எரியுற படம் ஓடுது, அதைச் சுத்தி ஆளுங்க போர்வையோட. சத்தம் கூட வச்சிருக்கா, சடசடன்னு. தெருவுல பார்த்தா லிஸ்பெத் தலையசைப்பா, அவ்வளவுதான். ரொட்டிக் கடையில கூட பட்டனைத் தொட வர்ற கூட்டம் கொறைஞ்சுது. அது ஒரு லாபம்.

மூணாவது வாரம் ஃபிளெமிங் வந்தான். ஏணி வேணுமாம். அவன்கிட்டயே மூணு ஏணி இருக்கு. அடுக்களையில உட்கார்ந்தான், ஸ்வெட்டரைக் கழட்டினான், உள்ள அரைக்கை பனியன். "பத்து வருஷமா அங்க எனக்கு வேர்க்குது"ன்னான். அவன் வாயிலேர்ந்து ஒரு முழு வாக்கியம் வந்து சோல்வை அன்னிக்குத்தான் கேட்டா. பிரேபனும் அவனும் சீட்டாடினாங்க. மேல ட்யூப் லைட்டு, வெள்ளைவெளேர்னு, ஆஸ்பத்திரி மாதிரி. ஜன்னல் ஒரு கையகலம் திறந்து. பிரேபன் நடுவுல இருமினான், ஃபிளெமிங் சீட்டைக் கீழ வச்சுட்டுக் காத்திருந்தான், இருமி முடிச்சதும் ஆட்டம் தொடர்ந்துது.

"என்னா மாதிரி இருக்குப்பா இது," ஃபிளெமிங் ஆரம்பிச்சான், "ஒரு மாதிரி ஹூ..."

"அந்த வார்த்தையைச் சொன்னே, ஏணியோட வெளிய தள்ளுவேன்"னா சோல்வை.

அவன் போனதும் தட்டைக் கழுவிக்கிட்டே, முதுகைத் திருப்பாம கேட்டா. மூணு வாரமா கேக்காம வச்சிருந்த கேள்வி. "இன்னும் என் மேல கோவமா?"

பின்னால கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. தலையாட்டியிருப்பான், எனக்கு முதுகுல கண்ணா இருக்குன்னு அவ நெனச்சா.

அப்புறம் கேட்டுது. மூச்சை உள்ள இழுத்து, நீளமா, அடிவயிறு வரைக்கும், எங்கயும் முட்டாம.

"ஹ்யா."

சோல்வை கையில தட்டோட நின்னா. குழாய் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"இன்னொரு தடவை சொல்லு"ன்னா.